கீரிக்குப் பெயர் உண்டு

மிளகு நிறுக்கும் தராசில் மாஸ்டர் தன் நாவலைத் தூக்கி வைத்தார். நூற்றறுபது பக்கக் கொப்பிகள் ஐந்து, சாக்கு கட்டும் சணலால் கட்டியவை. 1 கிலோ 150 கிராம் காட்டியது.

“ஈரம் கழிச்சா ஒரு கிலோன்னு வச்சுக்கலாம் மாஸ்டர்” என்றேன்.

இரத்தோட்டையில் சரக்குக் கடை வைத்திருக்கிறவனுக்கு எதைக் கண்டாலும் முதலில் ஈரத்தைக் கழிக்கத்தான் தோன்றும். நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து பனி இறங்குகிற ஊர் இது. நன்றாகக் காய்ந்த மிளகு என்று யார் சத்தியம் செய்தாலும் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன். மாஸ்டருக்கு ரோசம் வந்துவிட்டது.

“தம்பி, இது மிளகில்ல. சரித்திர நாவல்.”

சரித்திர நாவலைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். குதிரை வரும். நிலா வரும். இளவரசிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலைக்காரன் ஒருவன் ஓலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு அத்தியாயம் முடிவதற்குள் செத்துப்போவான். கல்கியின் வந்தியத்தேவன் எங்கள் மாத்தளை மாவட்டத்துக்கே வந்தவன்தான். தம்புள்ளை வரைக்கும் வந்துவிட்டு, இரத்தோட்டைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அந்த மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

மாஸ்டரின் நாவலில் குதிரை இல்லை, கீரி இருந்தது. சோழனும் இல்லை. அவன் இடத்தில் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா. கதாநாயகன் அவருடைய வெள்ளவத்தை பங்களாவில் வேலை செய்த பிராம்பி. முதல் கொப்பியின் அட்டையில் சிவப்பு மையால் தலைப்பு: ‘கவிஞனும் தோழனும்’. உலகப் புகழ் பெற்ற கவிஞருக்கும் அவருடைய வேலைக்காரனுக்கும் இடையே மலர்ந்த நட்பு என்று மாஸ்டர் விளக்கினார். ‘மலர்ந்த’ என்று சொல்லும்போது கையை விரித்துக் காட்டினார். பாடம் நடத்திய கை, சும்மா இருக்காது.

ஆதாரம் கேட்டேன். நெருடாவின் சுயசரிதை, ஆங்கில மொழிபெயர்ப்பு, அட்டை கிழிந்த பிரதி ஒன்றைக் கொடுத்தார். கடையில் ஆள் வராத மத்தியானங்களில் வாசித்தேன். சாதிக்காய் சீசன் இல்லாததால் நிறைய மத்தியானங்கள் கிடைத்தன. அந்தப் புத்தகத்திலிருந்து நான் விளங்கிக்கொண்ட கதை இது. மாஸ்டரின் நாவலில் இருப்பது வேறு.

நெருடா 1904இல் பிறந்தவர். இயற்பெயர் நெஃப்தலி ரேயெஸ். அப்பா ரயில்வேக்காரர். மகன் கவிதை எழுதுவது அவருக்குப் பிடிக்காது. மகன் பெயரை மாற்றிக்கொண்டு எழுதினான். இருபது வயது நிரம்புமுன்னே, 1924இல், ஒரு காதல் கவிதைத் தொகுதி வந்தது. நாடு முழுக்கப் புகழ். புகழை உலையில் போட முடியாது. ஆகவே யார் யாரையோ பிடித்து கொன்சல் உத்தியோகம் ஒன்றை வாங்கிக்கொண்டு 1927இல் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்.

கொன்சல் என்றதும் பெரிய தொரை என்று நினைத்துவிட வேண்டாம். ரங்கூனில் அவருக்கு இருந்த வேலை இதுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பல் வரும், அதில் மெழுகும் தேயிலைப் பெட்டிகளும் சிலிக்குப் போகும், அதற்கான காகிதங்களில் விறுவிறுவென்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அடுத்த கப்பல் வரும்வரை வேலை இல்லை. இங்கே மலையில் தப்புச் சத்தம் கேட்டதும் விடியுமுன் பெரட்டுக்களத்தில் போய் நின்றவர்கள் இந்த உத்தியோகத்தைக் கேள்விப்பட்டிருந்தால், சிலி எந்தப் பக்கம் என்று கேட்டு நடந்தே போயிருப்பார்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த பரம்பரைக்கு அது ஒரு தூரமா? சிலிக்காரர்கள் இன்றைக்கும் தென்னமெரிக்காவிலேயே தேத்தண்ணி அதிகம் குடிக்கிறவர்கள் என்பதையும் ஒரு கடைக்காரன் என்ற முறையில் குறித்து வைக்கிறேன்.

1929 தொடக்கத்தில் மாற்றலாகிக் கொழும்புக்கு வந்தார். வயது 24. வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு பங்களா. இன்றைய வெள்ளவத்தையை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. இன்று அங்கே கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கு அடுக்குமாடிகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், காலி வீதியைக் கடப்பதற்குள் அரைநாள் போய்விடும். அன்று அது நகரத்துக்கு வெளியே கிடந்த ஊர். தென்னை, மணல், தண்டவாளம், கடல்.

தனிமை என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டாராம். ஒரு பக்கம், இரவுச் சாப்பாட்டுக்கும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்காரும் இங்கிலீஷ்காரர்கள். மறுபக்கம், அவருக்கு எட்டாத இந்த நாட்டுச் சனம். நடுவில் நம்ம ஆள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு நாய், ஒரு கீரி.

பிறகு பிராம்பி. இந்தப் பட்டியல் வரிசை என்னுடையதல்ல. கவிஞரே தன் கூட்டாளிகளை எண்ணும்போது மேசை, நாற்காலி, நாய், கீரி எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் வேலைக்காரனுக்கு வருகிறார். வந்த கையோடு, அவனைக் கூட்டாளி என்று சொல்லிவிட முடியாது என்று திருத்தமும் போடுகிறார். கீழைநாட்டு வேலைக்காரன் நிழலைவிட அமைதியாக இருக்க வேண்டியவனாம்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு மாஸ்டரின் முதல் கொப்பியைத் திறந்தேன். அதில் கவிஞரும் பிராம்பியும் நிலா வெளிச்சத்தில் கடற்கரை மணலில் உட்கார்ந்து வாழ்க்கையின் பொருளைப் பற்றிப் பதினோரு பக்கம் பேசுகிறார்கள்.

“எந்தப் பாஷையில மாஸ்டர்?”

“இதயத்தின் பாஷையில.”

“பதினோரு பக்கமா?”

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. கராம்புச் சாக்கோடு ஒருவர் வந்ததால் தப்பித்துக்கொண்டார்.

சுயசரிதையின்படி பிராம்பிக்கு எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. சாப்பாடு மேசையில் இருக்கும். உடுப்பு அயன் பண்ணி இருக்கும். விஸ்கிப் போத்தல் விறாந்தையில் இருக்கும். பேசுகிற சக்தியையே மறந்துவிட்டவன் போல இருப்பானாம். சிரிக்க மட்டும் தெரியுமாம், குதிரைப் பல் தெரிய. ஆக, மாஸ்டர் நாவலில் குதிரை இல்லை என்று நான் சொன்னது தவறு. பல் அளவுக்கு இருக்கிறது.

இப்போது பிராம்பி பக்கம் போய் நின்று பாருங்கள். இரவானால் அவன் தன் ஊருக்குப் போய்விடுவான். அதையும் கவிஞரே எழுதியிருக்கிறார். பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த மனிதன் ராத்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் என்ன செய்திருப்பான்? எங்கள் தோட்டங்களில் பங்களா அப்புமார் செய்ததைத்தான் அவனும் செய்திருப்பான். தொரை என்ன சாப்பிட்டார், எதைத் துப்பினார், தொரைசாணி யாருக்குக் கடிதம் எழுதினார் என்பதெல்லாம் தலைமைக் கங்காணிக்குத் தெரியுமுன் லயத்துக்குத் தெரிந்துவிடும். ஒரு தோட்டத்தின் உண்மையான செய்திப் பத்திரிகை பங்களாக் குசினிதான். ஆகவே வெள்ளவத்தைக்குப் பின்னால் ஏதோ ஒரு கிராமத்தில், 1929இல், மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்:

“இன்னைக்கி மஹத்தயா என்ன செஞ்சார்?”

“எழுதினார்.”

“நேத்து?”

“நேத்தும் எழுதினார். ஆனா நேத்து கீரிகிட்ட வாசிச்சுக் காட்டினார்.”

இந்த உரையாடல் என் கற்பனை. பதினோரு பக்க நிலா வெளிச்சத்துக்கு இது எவ்வளவோ மேல் என்பது என் தாழ்மையான கருத்து.

கவிஞருக்குப் பேச்சுத் துணை அறவே இல்லாமல் போகவில்லை. கொழும்பில் லயனல் வெண்ட் இருந்தார். பியானோ வாசிப்பவர், புகைப்படக்காரர், ஐரோப்பாவில் புதிதாக எது நடந்தாலும் மோப்பம் பிடிப்பவர். வாரம் தவறாமல் ஒரு கோணிப்பை நிறையப் புத்தகங்களைச் சைக்கிளில் ஆளிடம் கொடுத்து வெள்ளவத்தைக்கு அனுப்புவார். அப்படி வந்தவற்றில் டி. எச். லோரன்ஸ் 1928இல் புளோரன்சில் தன் செலவில் அச்சடித்த ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலும் ஒன்று. பெரிய வீட்டு எசமானியம்மாளுக்கும் அந்த வீட்டு வேட்டைக்காவல்காரனுக்கும் நடக்கும் சங்கதி. லோரன்ஸ் 1922இல் கண்டியில் சில வாரம் இருந்து, வெக்கை தாங்காமல் ஓட்டம் பிடித்தவர் என்பது நம்ம பக்கத்துக் கதை. வேலைக்காரனும் எசமானியும் கட்டிப்பிடிக்கிற அந்தப் புத்தகத்தை வெயிலில் மிதித்துக்கொண்டு வந்து இறக்கிய சைக்கிள்காரரின் பெயரை எந்தக் கவிஞரும் எழுதவில்லை.

இனி கீரி. மாஸ்டரின் மூன்றாவது கொப்பி முழுக்கக் கீரிதான். கவிஞர் போகிற இடமெல்லாம் அது போகும். தோளில் ஏறும், மத்தியானம் பக்கத்திலேயே தூங்கும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கீரியா’.

இதை வாசித்ததும் நான் கடைக்குள் தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ‘கீரியா’ என்பது பெயரா? கீரி என்ற பிராணியைக் கண்ட தமிழன் எவனும் கேட்கிற கேள்வி அது. நடந்திருக்கக்கூடியது இதுதான்: அக்கம்பக்கத்துப் பையன் ஒருவன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “கீரியா?” என்று கேட்டிருப்பான். கவிஞர், ஆகா, என்ன இனிய பெயர் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பார். ஒருவர் நாய் வளர்த்து, வருகிறவர் போகிறவர் எல்லாரும் “நாயா?” என்று கேட்டதால் அதற்கு நாயா என்று பெயர் வைத்தது போல. இதற்கும் ஆதாரம் கிடையாது, தமிழ் மட்டும்தான் சாட்சி. மாஸ்டர் தமிழ் வாத்தியாராகப் பென்சன் வாங்குகிறவர். ஐந்து கொப்பியில் ஓரிடத்திலும் இது அவர் கண்ணில் படவில்லை. சுட்டிக்காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கீரியாவின் வீர வரலாறு தனி. ஒரு நாள் தமிழ்ப் பையன்களும் சிங்களப் பையன்களும் கூட்டமாக வந்தார்கள். பக்கத்தில் ஒரு விரியன் பாம்பு வெயில் காய்கிறது, உங்கள் கீரியை அனுப்புங்கள் என்றார்கள். கவிஞருக்குப் பெருமை பிடிபடவில்லை. கீரியைக் கையில் ஏந்தி முன்னே நடந்தார். பின்னால் கோவணம் கட்டிய பட்டாளம். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குக்கூட அத்தனை பக்தி இருந்திருக்காது. பாம்பு கண்ணில் பட்டதும் கூட்டம் நின்றுவிட்டது. கவிஞர் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னே போய்க் கீரியைக் கீழே விட்டார்.

கீரி மோப்பம் பிடித்தது. அடி மேல் அடி வைத்துப் பாம்பை நெருங்கியது. மூச்சு விடுகிற சத்தம் கேட்கவில்லை. நெருங்கி நின்று ஒருமுறை நன்றாகப் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த வழியே, பையன்களின் கால்களுக்கிடையே புகுந்து, தெருவைத் தாண்டி, பங்களாவுக்குள் ஓடி, படுக்கையறையில்தான் போய் நின்றது.

வெள்ளவத்தையில் தன் மரியாதை அன்றோடு போயிற்று என்று நெருடாவே எழுதியிருக்கிறார். புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. தன்னைத் தானே கேலி செய்யத் தெரிந்த மனிதனை வெறுக்க முடிவதில்லை. அதனாலேயே பின்னால் வருகிற பக்கம் இன்னும் கசந்தது. அதற்கு வருகிறேன். மாஸ்டரின் நாவலில் கீரி பாம்பைக் கொன்றுவிட்டது, அதுவும் இரண்டு பாம்பை.

1930இல் கவிஞருக்கு மறுபடி மாற்றல், பத்தேவியாவுக்கு. இன்றைய ஜகார்த்தா. கப்பலில் பிராம்பியும் போனான், கீரியும் போனது. அங்கே வீதியெல்லாம் வாகன நெரிசல். ஒரு நாள் கீரியைக் காணோம். கவிஞர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: காணாமற்போன கீரி, கீரியா என்று கூப்பிட்டால் வரும் என்று. யோசித்துப் பாருங்கள், டச்சுக்காரன் ஆண்ட ஊரில் உட்கார்ந்து, கீரி என்றால் வருகிற கீரியைத் தேடி விளம்பரம். யாரும் பதில் போடவில்லை.

கீரிக்குப் பொறுப்பு பிராம்பி. தன் கையில் ஒப்படைத்ததைத் தொலைத்துவிட்டோமே என்ற அவமானத்தில் அந்த மனிதன் நெடுநாள் எசமானின் கண்ணில் படவே இல்லையாம். உடுப்பு துவைத்திருக்கும், சப்பாத்து மினுங்கும், ஆனால் ஆளைக் காண முடியாது. ஏதோ ஒரு பேய் வந்து வேலை செய்துவிட்டுப் போவது போலிருந்தது என்கிறார் கவிஞர்.

மாஸ்டர் இந்த இடத்தில் கண் கலங்கினார். “பாத்தீங்களா தம்பி, இதுதான் நட்பு.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடல் தாண்டி, ஊர் பேர் தெரியாத நாட்டில், பாஷை தெரியாமல், எசமானின் பிராணியைத் தொலைத்துவிட்டவனுக்கு வயிற்றில் எதைக் கரைத்திருக்கும்? வெட்கம் என்று கவிஞர் எழுதினார். பயம் என்று நான் வாசித்தேன். வேலை போனால் வெள்ளவத்தைக்குத் திரும்பும் கப்பல் கட்டணத்தை யார் கொடுப்பது? நட்பு என்றால் “சரி விடுப்பா, கீரிதானே” என்று ஒருவன் குசினிக்குள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

மாஸ்டர் விடவில்லை. உலக உதாரணங்களை இறக்கினார். அமெரிக்கப் பெண் கவிஞர் எமிலி டிக்கின்சன் வீட்டில் 1869 முதல் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண் மார்கரெட் மாஹரைச் சொன்னார். அவருடைய டிரங்குப் பெட்டியில்தான் கவிதைக் கட்டுகள் பத்திரமாக இருந்தனவாம். எரித்துவிடு என்று சொல்லியும் மார்கரெட் எரிக்கவில்லையாம். 1886இல் எமிலி இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரும் அந்த வீட்டில் வேலை செய்த அயர்லாந்துக்காரர்கள். அந்த வீட்டுக்குக் கற்பனையாக ஒரு வேலைக்காரியைப் படைத்து நுவாலா ஓ’கானர் 2015இல் ஒரு சரித்திர நாவலே எழுதிவிட்டார். நான் ஒப்புக்கொண்டேன். அங்கே இரண்டு பெண்களும் ஒரே குசினியில் நின்றார்கள். எமிலியின் கறுப்புக் கேக் செய்முறையில் முட்டை மட்டும் 19. சாதிக்காய், கராம்பு, வசவாசி, கறுவா எல்லாம் உண்டு. நாலும் என் கடையில் கிடைக்கும். 19 முட்டையை ஒருத்தி உடைக்க இன்னொருத்தி அடிக்கிற இடத்தில் நட்பு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

பிறகு பாரதியைச் சொன்னார். புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை இருந்த காலத்தில் வீட்டு வேலைக்கு வந்த அம்மாக்கண்ணு. அதற்கும் நான் தலையாட்டினேன். வாடகைக்கும் அரிசிக்கும் அந்த வீட்டில் என்ன பாடு என்பது ஊருக்கே தெரியும். சம்பளம் மாதா மாதம் வந்திருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் ‘அம்மாக்கண்ணு பாட்டு’ என்று அவள் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு இருக்கிறது. பாரதியார் கவிதைகள் எந்தப் பதிப்பை எடுத்தாலும் அந்தப் பெயர் இருக்கும். பாக்கிச் சம்பளத்துக்கு அது ஈடில்லைதான். ஆனால் அங்கே ஒரு மனுசி பெயரோடு நிற்கிறாள்.

“பேர்தானே? அஞ்சாவது கொப்பியில வள்ளி வர்றா” என்றார் மாஸ்டர்.

வள்ளி யாரென்று அப்போதுதான் கேட்டேன். கவிஞரின் பங்களாவுக்கு விடியற்காலையில் வந்துபோகும் தமிழ்ப் பெண், கவிஞரைக் காதலிக்கிறாள், பூர்வீகம் இரத்தோட்டைத் தோட்டம் ஒன்று என்றார். நான் சுயசரிதையில் ஓலை செருகி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன்.

பங்களாவின் கக்கூஸ் வாளிக் கக்கூஸ். ஓட்டைக்குக் கீழே ஒரு வாளி. காலையில் பார்த்தால் வாளி எப்போதும் சுத்தமாக இருக்கும். கவிஞருக்கு இது பெரிய மர்மமாகப் பட்டது. வயதான பிறகு கேள்விகளாலேயே ஒரு கவிதைப் புத்தகம் எழுதியவர் அவர். ‘நேற்று நான் இட்டது இன்று எங்கே’ என்பதையும் அதில் சேர்த்திருக்கலாம். பிராம்பியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும், ஆனால் பிராம்பியிடம் எதுவும் கேட்கிற பழக்கம் இல்லை. ஆகவே ஒரு நாள் விடியுமுன் எழுந்து பார்த்தார். பின்பக்கத்தால் ஒரு தமிழ்ப் பெண் வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதுவரை சிரித்துக்கொண்டு வாசித்தேன். எங்கள் தோட்டங்களிலும் அந்த வேலைக்கு வாசக்கூட்டி என்று ஆள் இருந்தார்கள். அவர்கள் வருகிற பாதை வேறு, தண்ணீர் எடுக்கிற பீலி வேறு, திருவிழாவில் நிற்கிற இடம் வேறு. கொழும்பு நகரசபையும் அந்த வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த அதே சனத்தைத்தான் பிடித்து வைத்திருந்தது. மலைக்கு வந்தவர்கள் கொழுந்துக் கூடையைச் சுமந்தார்கள், கொழும்பில் நின்றவர்கள் வாளியைச் சுமந்தார்கள்.

கவிஞர் அவளை ராணி என்கிறார், தேவதை என்கிறார். சேலை, சிலம்பு, மூக்குத்தி, நடை எல்லாவற்றையும் வர்ணிக்கிறார். வர்ணனை தொடங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சரக்கு வாங்க வருகிறவன் மிளகை அதிகம் புகழ்ந்தால் எடையில் கை வைக்கப் போகிறான் என்று அர்த்தம். வழியில் பட்டும் பழமும் வைத்துப் பார்த்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோனார். அவள் பேசவில்லை, கண்ணைத் திறந்தபடி சிலை மாதிரி இருந்தாள் என்று அவரே எழுதுகிறார். அவள் தன்னை இகழ்ந்தது நியாயம், மறுபடி அப்படி நடக்கவில்லை என்றும் எழுதுகிறார். எழுதிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறார்.

அதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, அது காதல் இல்லை. 1971இல் நோபல் பரிசு, 1973இல் மரணம், 1974இல் இந்தச் சுயசரிதை. புத்தகத்தில் இது ஒளிந்து கிடக்கவில்லை, பச்சையாக அச்சில் இருந்தது. உலகம் பல ஆண்டுகள் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிக்கொண்டு போனது. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடா பெயரை வைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி எதிர்த்தார்கள். இங்கே அசோக ஹந்தகம 2021இல் ‘அல்போராடா’ என்று படமாகவே எடுத்தார். மலையிலும் கொழும்பிலும் நம்மவர்கள் நெருடா கவிதையை மொழிபெயர்த்து, மேடையில் வாசித்து, கைதட்டிக்கொண்டிருந்தோம். நானும் ஒருமுறை தட்டியிருக்கிறேன். பிழைதான்.

மாஸ்டர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். அவர் வாசிக்காமல் இல்லை, முன்பே வாசித்தவர்தான். பென்சிலால் ஓரத்தில் கோடுகூடப் போட்டிருக்கிறார். ஆனால் நாவல் என்று உட்கார்ந்ததும் கை தானாகக் காதல் பக்கம் போய்விட்டது என்றார். சரித்திர நாவல் வாசித்து வளர்ந்த கை அப்படித்தான் போகும்.

“அப்ப வள்ளிங்கிற பேரையாவது வச்சுக்கலாமா? அந்தாளு பேரே எழுதலியே. பேரில்லாம எப்படி விடுறது?”

அந்த வீட்டில் கீரிக்குப் பெயர் இருந்தது, அதுவும் நம்ம தமிழில். குதிரைப் பல்லோடென்றாலும் பிராம்பிக்கும் இருந்தது. அவள் பெயர் தெரியாமல் போனது அவர் கேட்காததால். இப்போது நாம் ஒரு பெயரை வைத்தால் கேட்காதது மறைந்துவிடும் மாஸ்டர், அவர் கேட்டுத் தெரிந்துகொண்டது போல ஆகிவிடும் என்றேன். மாஸ்டர் வெகுநேரம் தராசின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சணலை அவிழ்த்து ஐந்தாவது கொப்பியை மட்டும் உருவி எடுத்தார். முதல் கொப்பியின் அட்டையில் ‘தோழனும்’ என்பதை அடித்துவிட்டு ‘வேலைக்காரனும்’ என்று எழுதினார். பிராம்பி ஊருக்குப் போய்ச் சொல்கிற கதையாக முதல் நாலையும் திருப்பி எழுதப் போகிறாராம். கீரி பாம்பைக் கண்டு ஓடத்தான் போகிறது. அது எனக்குத் திருப்தி.

நெருடா 1957இல் சமாதான மாநாட்டுக்காகக் கொழும்புக்கு ஒருமுறை திரும்பி வந்தார். அன்றைக்கு அவள் உயிரோடு இருந்திருந்தால் ஐம்பது வயதைச் சுற்றி இருந்திருப்பாள். பிள்ளை, பேரன் என்று குடும்பம் இருந்திருக்கலாம், அவர்கள் இன்னும் எங்காவது இருக்கலாம். கொழும்பு நகரசபை லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: வெள்ளவத்தைக் கடலோரத்தில் கீரி வளர்த்த வெள்ளைக்காரனைப் பற்றி அப்பாயியோ அம்மாயியோ எப்போதாவது ஏதாவது சொன்னதுண்டா? தெரிந்ததை இரத்தோட்டைக்கு எழுதி அனுப்புங்கள். மாஸ்டர் புதிதாக ஒரு கொப்பி வாங்கி, ஒரு எழுத்தும் எழுதாமல் வைத்திருக்கிறார்.